65 பவுண்டு, ஒரு சைக்கிள், ஒரு தம்பி

சினிமாவில் எனக்கு மிகப் பிடித்த காட்சி எந்தத் திரையிலும் வராது. முதல் காசு கைமாறும் காட்சி! யார் கொடுத்தார், எதைப் பார்த்து நம்பிக் கொடுத்தார், வாங்கியவர் அன்றைக்கு என்ன நிலைமையில் நின்றார்? பெரிய படங்களில் இந்தக் கதை வட்டி, விநியோக உரிமை என்று வறண்டுவிடும். குறும்படங்களில் அப்படியில்லை. காசு வந்த வழியையே தனிப் படமாக எடுக்கலாம். அதிலும் 1950களிலும் 60களிலும் லண்டனில் இருந்த ஒரு குட்டி நிதியத்தின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால், அடேங்கப்பா, உள்ளே யார் யார் நிற்கிறார்கள் பாருங்கள்! ரிட்லி ஸ்காட் தன் தம்பியைச் சைக்கிளில் ஏற்றிவிட்டுக் காமிராவோடு நிற்கிறார். கென் ரஸ்ஸல் ஒரு சிறுமியையும் தேவதைச் சிறகுகளையும் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். டேபிள் துடைக்கும் வேலை பார்க்கும் ஓர் இத்தாலியப் பெண் கான் விழாவுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருக்கிறார். இவர்களுடைய பெயர் அப்போது யாருக்கும் தெரியாது. வாருங்கள், உள்ளே போகலாம்.

நிதியத்தின் பெயர் பரிசோதனைத் திரைப்பட நிதியம். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட், அதாவது பி.எஃப்.ஐ., 1952இல் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம் லண்டனில் 'ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்' என்று பெரிய கண்காட்சி நடந்தது. தேம்ஸ் நதியின் தென்கரையில் 'டெலிகினிமா' என்று ஒரு சின்னத் திரையரங்கு கட்டி, அதில் முப்பரிமாணப் படங்களையெல்லாம் காட்டினார்கள். கூட்டம் அள்ளியது. புதுசாக முயன்றால் ஜனங்கள் வருவார்கள் என்று அதிகாரிகளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. பிறந்தது நிதியம். கையில் 12,500 பவுண்டு. தலைவர் யார் தெரியுமா? ஈலிங் ஸ்டூடியோவை நடத்திக்கொண்டிருந்த மைக்கேல் பால்கன். வணிக சினிமாவின் பெரிய முதலாளி, பெயர் தெரியாத பிள்ளைகளின் பரிசோதனைகளுக்குக் காவலாக வந்து உட்கார்ந்தார்!

அந்த 12,500 பவுண்டு வந்த வழியைக் கேட்டால் எனக்கு இன்னும் உற்சாகம் தாங்காது. அன்று பிரிட்டனில் 'ஈடி லெவி' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. நிதித்துறை அதிகாரி சர் வில்ஃபிரிட் ஈடியின் பெயர் அதற்கு. தியேட்டரில் விற்கும் டிக்கெட் காசிலிருந்து ஒரு சிறு பங்கை எடுத்துப் பிரிட்டிஷ் படத் தயாரிப்புக்குத் திருப்பிவிட வேண்டும். 1950இல் தொடங்கி 1985 வரை நீடித்தது. அந்தப் பணத்திலிருந்து ஒரு கை அள்ளித்தான் இந்த நிதியத்துக்குக் கொடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள். மான்செஸ்டரில் யாரோ ஒருவர் ஹாலிவுட் படம் பார்க்கக் கொடுத்த காசில் ஒரு துளி உருண்டு வந்து, லண்டனில் ஒரு மாணவனின் படச்சுருளாக மாறுகிறது! கொடுத்தவருக்குத் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. சினிமாவே சினிமாவுக்குப் பால் வார்த்திருக்கிறது.

காசு கொஞ்சம்தான். படச்சுருள், லேப் கட்டணம், எடிட்டிங், ஒலிச்சேர்ப்பு என்று அதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். இயக்குநரும் நண்பர்களும் பொதுவாகச் சம்பளம் இல்லாமல்தான் உழைத்தார்கள். ஆனால் அந்தக் கொஞ்சத்தை எந்த நேரத்தில், யார் கையில் வைத்தார்கள் என்பதில்தான் முழு மாயமும் இருக்கிறது.

லோரென்ஸா மத்ஸெட்டியைப் பார்ப்போம். இந்தப் பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது.

1927இல் இத்தாலியில் பிறந்தவர். சிறு வயதிலேயே அம்மாவை இழந்தார். அத்தை வீட்டில், ஃப்ளாரன்ஸுக்குப் பக்கத்தில், இரட்டைச் சகோதரியோடு வளர்ந்தார். அத்தையின் கணவர் ராபர்ட் ஐன்ஸ்டைன். விஞ்ஞானி ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் பெரியப்பா சித்தப்பா வழி உறவு. 1944 ஆகஸ்டில் ஜெர்மன் ராணுவத்தினர் அந்த வீட்டுக்குள் நுழைந்து அத்தையையும் அவருடைய இரண்டு மகள்களையும் கொன்றார்கள். அடுத்த வருடம் ராபர்ட் தற்கொலை செய்துகொண்டார். இத்தனையையும் நெஞ்சில் சுமந்துகொண்டுதான் 1950களின் தொடக்கத்தில் அந்த இளம்பெண் இங்கிலாந்துக்கு வந்தார். கிடைத்த கூலி வேலைகளைப் பார்த்தார். ஒருநாள் ஸ்லேடு ஓவியப் பள்ளிக்குள் தன் படங்களோடு நுழைந்து, தலைவரைப் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்து, நான் ஒரு மேதை, என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். எதிரில் நின்றவர்தான் தலைவர், ஓவியர் வில்லியம் கோல்ட்ஸ்ட்ரீம். நாளையிலிருந்து வா என்றுவிட்டார்! இதைத் தன் நினைவுக் குறிப்புகளில் அவரே சொல்லியிருக்கிறார்.

மேதை சும்மா இருக்குமா? பள்ளியின் திரைப்படக் கழக அலமாரியில் காமிரா கிடந்தது. யாரிடமும் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டு போனார். காஃப்காவின் 'உருமாற்றம்' கதையை வைத்து 'கே' என்று ஒரு படம் எடுத்தார். நாயகன், சக மாணவரான ஓவியர் மைக்கேல் ஆண்ட்ரூஸ். ஃபிலிமை லேபில் கொடுத்துக் கழுவி வாங்கினார். பில்? அது பள்ளியின் பேரில் போய் விழுந்தது! கோல்ட்ஸ்ட்ரீம் கூப்பிட்டு விட்டார். இந்த இடத்தில் வேறொரு தலைவராக இருந்திருந்தால் பெண்ணை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். கோல்ட்ஸ்ட்ரீம் என்ன செய்தார் தெரியுமா? படத்தைப் போட்டுக் காட்டுவோம், மாணவர்கள் கைதட்டினால் நீ தப்பித்தாய் என்றார். அவர் 1930களில் தபால் துறையின் ஜி.பி.ஓ. ஃபிலிம் யூனிட்டில் ஆவணப்பட முன்னோடி ஜான் கிரியர்சனிடம் வேலை பார்த்தவர். ஃபிலிம் வாடை அறிந்த மனுஷன். திரையிடலுக்கு இன்னொருவரையும் வரவழைத்திருந்தார்: பி.எஃப்.ஐ.யின் இயக்குநர் டெனிஸ் ஃபோர்மன். படம் ஓடியது. கைதட்டினார்கள். அடுத்த படத்துக்குப் பணம் தருகிறேன், எழுதிக் கொண்டுவா என்றார் ஃபோர்மன்.

இதுதான் நான் சொன்ன காட்சி. இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. விண்ணப்பப் படிவமே இல்லை! விண்ணப்பம் அந்தத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காசில் பிறந்த படம் 'டுகெதர்'. 52 நிமிடம். லண்டனின் ஈஸ்ட் எண்ட் பகுதியில், துறைமுகத்தில் வேலை பார்க்கும் காது கேளாத, வாய் பேசாத இரண்டு நண்பர்கள். ஒருவராக மறுபடி ஆண்ட்ரூஸ். இன்னொருவராக, பிற்காலத்தில் பெரும் பெயரெடுத்த சிற்பி எடுவார்டோ பாவ்லோஸி. இரண்டு பேருமே நடிகர்கள் இல்லை. ஒல்லியான ஒருவரும் கட்டுமஸ்தான ஒருவரும் குண்டுவீச்சில் சிதைந்த தெருக்களில் நடக்கிறார்கள். பின்னாலேயே வாண்டுக் கூட்டம் ஓடிவந்து முகத்தைக் கோணிக் காட்டிக் கேலி செய்கிறது. ஊர் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே வருகிறோம். சட்டென்று ஒலி அத்தனையும் நின்றுவிடுகிறது. அந்த இருவரின் காதுக்குள் நாம் போய்விட்டோம்! பெரிய ஸ்டூடியோ வசதி எதுவும் இல்லாமல், ஒலியை நிறுத்துவது என்ற ஒரே முடிவால் சாதித்த இடம் அது. நான் பார்த்த குறைந்த பட்ஜெட் படங்களிலேயே இதற்கு இணையான யோசனை வெகு சில.

எடுத்தாகிவிட்டது. எப்படி வெட்டுவது? மத்ஸெட்டி குவியல் குவியலாகச் சுருள்களோடு உட்கார்ந்திருந்தபோது இயக்குநர் லிண்ட்சே ஆண்டர்சன் வந்து சேர்ந்தார். எடிட்டிங் மேற்பார்வையை ஏற்றுக்கொண்டார். கூடவே ஜான் ஃப்ளெட்சர். பணம் கொடுக்கும் இடங்களைச் சுற்றி இப்படி ஒரு கூட்டம் தானாகச் சேரும். காசைவிடப் பல சமயம் அந்தக் கூட்டம்தான் படத்தை முடித்துக் கொடுக்கும்.

அந்தக் கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர்: கரேல் ரைஸ், டோனி ரிச்சர்ட்சன். நிதியம் இவர்களுக்குக் கொடுத்தது 425 பவுண்டு. வடக்கு லண்டனில் வுட் கிரீன் பகுதியில் ஒரு பப்பில் நடந்த ஜாஸ் கிளப்பைப் படமெடுக்கக் கிளம்பினார்கள். சனிக்கிழமைதான் ஆட்டம் பாட்டம். ஆகவே 9 சனிக்கிழமைகள் படப்பிடிப்பு! ஒளிப்பதிவாளர் வால்டர் லசாலியின் கையில் 16 எம்.எம். போலெக்ஸ். சாவி கொடுத்து ஓட்டும் காமிரா அது. ஒருமுறை முறுக்கினால் அரை நிமிடம்கூட ஓடாது. ஆகவே எந்த ஷாட்டும் அதற்கு மேல் நீளாது. சுழலும் பாவாடை, வெட்! டிரம்ஸ், வெட்! மூலையில் வெட்கத்தோடு நிற்கும் ஜோடி, வெட்! காமிராவின் குறை படத்தின் தாளமாகிவிட்டது. 'மம்மா டோன்ட் அலவ்' 22 நிமிடம் துள்ளிக்கொண்டே ஓடும்.

படங்கள் தயார். யார் பார்ப்பார்கள்? பெயர் தெரியாதவர்களின் குட்டிப் படங்களைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதும்? சேரிங் கிராஸில் 'சூப் கிச்சன்' என்று ஒரு சிறு கடை. மத்ஸெட்டி பரிமாறும் வேலை பார்த்த இடம். அங்கே உட்கார்ந்து அவரும் ஆண்டர்சனும் ஒரு பிரகடனம் எழுதினார்கள். இந்தப் படங்களுக்கெல்லாம் சேர்த்து 'ஃப்ரீ சினிமா' என்று ஒரு பெயர். ஆண்டர்சன், ரைஸ், ரிச்சர்ட்சன், மத்ஸெட்டி நால்வரும் கையெழுத்திட்டார்கள். 1956 பிப்ரவரி 5ஆம் தேதி, அதே பழைய டெலிகினிமா கட்டடத்தில், அப்போது நேஷனல் ஃபிலிம் தியேட்டர் என்று பெயர் மாறியிருந்த அரங்கில், முதல் திரையிடல். வரிசை நீண்டது. உள்ளே இடமில்லாமல் நூற்றுக்கணக்கானோர் திரும்பிப் போனார்கள்! பத்திரிகைகள் எழுதின. அந்த வருடமே 'டுகெதர்' கானில் சிறப்பு அங்கீகாரம் பெற்றது. சில வருடங்களில் ரிச்சர்ட்சன் 'டாம் ஜோன்ஸ்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். ஆண்டர்சனின் 'இஃப்' 1969இல் கானின் உச்ச விருதை அள்ளியது. லசாலிக்கு 'ஜோர்பா தி கிரீக்' ஒளிப்பதிவுக்காக ஆஸ்கர். எல்லாம் அந்த ஒரு அறையிலிருந்து!

சரி, சைக்கிளுக்கு வருவோம்.

1962. ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட் மாணவர் ரிட்லி ஸ்காட் கல்லூரியின் போலெக்ஸ் காமிராவோடு இங்கிலாந்தின் வடகிழக்கே வெஸ்ட் ஹார்ட்டில்பூலுக்குப் போகிறார். பட்ஜெட் 65 பவுண்டு. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நாள் முழுக்கச் சைக்கிளில் சுற்றும் ஒரு பையன், அவன் மனசுக்குள் ஓடும் பேச்சு, அவ்வளவுதான் கதை. பையனாகத் தம்பி டோனி. அப்பாவையும் நடிக்க வைத்துவிட்டார். குடும்பமே யூனிட்! உருக்காலையின் ராட்சதக் குழாய்களும் புகையும் பின்னால் நிற்க, சின்னஞ்சிறு உருவமாகத் தம்பி சைக்கிள் மிதித்துப் போகும் ஷாட்களைப் பாருங்கள். 'ஏலியன்' எடுத்த கண், 'பிளேடு ரன்னர்' எடுத்த கண், அங்கேயே விழித்துக்கொண்டிருக்கிறது.

படம் எடுத்தாகிவிட்டது. ஒலியும் எடிட்டிங்கும் முடிக்கக் காசில்லை. 1965இல்தான் பி.எஃப்.ஐ. நிதியம் 250 பவுண்டு கொடுத்து முடிக்க வைத்தது. அதிலும் ஒரு கூத்து. ஜேம்ஸ் பாண்ட் படங்களின் இசையால் புகழின் உச்சியில் இருந்த ஜான் பேரியின் ஒரு இசைத்தட்டு ரிட்லிக்குப் பிடித்துப்போனது. உரிமை வாங்கக் கட்டுப்படியாகாது. நேரே பேரியிடமே போய்க் கேட்டார். அந்த மகராசன் அதே இசையைப் புதிதாக வாசித்துப் பதிவு செய்து கொடுத்துவிட்டார்! 27 நிமிடப் படம் 'பாய் அண்ட் பைசிக்கிள்' இப்படித்தான் பிறந்தது. தம்பி டோனி சும்மா இருந்தாரா? 1969இல் அவரும் பி.எஃப்.ஐ. உதவியோடு 'ஒன் ஆஃப் தி மிஸ்ஸிங்' என்ற குறும்படம் எடுத்தார். சைக்கிள் ஓட்டிய அந்தப் பையன்தான் பிறகு 'டாப் கன்' எடுத்த டோனி ஸ்காட்.

கென் ரஸ்ஸலையும் விட்டுவிட முடியாது. 'அமீலியா அண்ட் தி ஏஞ்சல்' 1958இல் இதே நிதியத்தின் துணையோடு வெளிவந்தது. அதற்கு அடுத்த வருடமே பி.பி.சி.யின் 'மானிட்டர்' நிகழ்ச்சியில் அவருக்கு இடம் கிடைத்தது. பிக்காடிலி சர்க்கஸின் சனிக்கிழமை இரவைப் பதிவு செய்த கிளாட் கொரெட்டா, ஆலன் டானர் என்ற இரண்டு ஸ்விஸ் இளைஞர்களின் 'நைஸ் டைம்', 17 நிமிடம், அதுவும் இந்த நிதியத்தின் பிள்ளைதான்.

இவர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். மத்ஸெட்டியிடம் காட்ட 'கே' இருந்தது. ரிட்லியிடம் சுருள் சுருளாகச் சைக்கிள் இருந்தது. வெறும் கனவோடு போய் நிற்காமல், கரடுமுரடாக எதையோ எடுத்து வைத்திருந்தவர்களிடம் காசு வந்தது. நம் நாட்டிலும் இதே கதைதான். சத்யஜித் ராயின் 'பாதேர் பாஞ்சாலி' காசில்லாமல் நின்று நின்று ஓடியபோது, அதுவரை எடுத்திருந்த பகுதிகளும் புகைப்படங்களும்தான் அவருக்காகப் பேசின. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் மன்ரோ வீலர் கல்கத்தாவுக்கு வந்தபோது படத்தின் ஸ்டில்களைப் பார்த்துவிட்டு அருங்காட்சியகத்தில் திரையிட அழைத்தார். முதலமைச்சர் பி.சி. ராய் காலத்து வங்க அரசு பணம் கொடுத்தது. படத்தின் பெயரில் 'பாதை' இருந்ததால் சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதிக் கொடுத்தார்கள் என்பது ஊரறிந்த கதை!

இன்றைக்கு நிலைமை எப்படி? மானியம் தரும் இடங்களின் மேஜையை எட்டிப் பார்த்தால் காகிதங்கள் கூடியிருக்கின்றன. ஒரு பக்கக் கதைச் சுருக்கம், இயக்குநர் குறிப்பு, பட்ஜெட், கால அட்டவணை, முந்தைய படத்தின் லிங்க். இதில் பலரும் மாய்ந்து மாய்ந்து எழுதுவது இயக்குநர் குறிப்பை. சமூகம், மானுடம், விளிம்பு என்று பக்கம் நிறைந்துவிடும். படிப்பவருக்கு வேண்டியது ரொம்ப எளிமையானது: இந்தக் கதை உங்கள் கைக்கு எப்படி வந்தது, இதை உங்களால் மட்டும் ஏன் எடுக்க முடியும்? உப்பளத்தில் வேலை பார்த்த அம்மாவின் மகள் உப்பளத்தைப் பற்றி நாலு வரி எழுதினால் போதும். அந்த நாலு வரியை வேறு யாராலும் எழுத முடியாது.

பட்ஜெட் தாளைத்தான் நான் பரபரப்போடு வாசிப்பேன். அதில் இயக்குநர் அப்படியே தெரிவார்! காமிரா வாடகைக்கு முக்கால்வாசியைக் கொட்டிவிட்டு, ஒலிக்கு ஒற்றை வரி எழுதியிருந்தால், படம் எப்படிக் கேட்கும் என்று இவர் இன்னும் யோசிக்கவில்லை என்று புரிந்துவிடும். சாப்பாட்டுக்குக் காசு போட்டிருந்தால் யூனிட் நடத்திப் பழகியவர். பாட்டுக்கு உரிமை வாங்கும் செலவு இருக்கிறதா? ரிட்லிக்கு ஒரு ஜான் பேரி கிடைத்தார், எல்லோருக்கும் கிடைக்கமாட்டார். உரிமை வாங்காத பாட்டோடு விழாவுக்குப் போனால் படம் பெட்டிக்குள் போய்விடும். சப்டைட்டில், டி.சி.பி. எனும் டிஜிட்டல் திரையிடல் பிரிண்ட், விழா நுழைவுக் கட்டணம் இதெல்லாம் படப்பிடிப்பு முடிந்த பிறகு வந்து கழுத்தைப் பிடிப்பவை. எதிர்பாராத செலவுக்கென்று மொத்தத்தில் பத்து சதவீதம் ஒதுக்கி வைப்பது வழக்கம். அதைப் பார்த்தாலே கொடுப்பவருக்கு மனம் தெளியும். கணக்கைச் சரியாக எழுதுவதைக் கலைக்கு விரோதமான வேலையாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. பட்ஜெட்டும் திரைக்கதைதான், எண்களில் எழுதியது.

இன்னொரு சங்கதி. தயாரிப்பு மானியம், முடித்துக் கொடுக்கும் மானியம் என்று இரண்டு வகை உண்டு. நம் பிள்ளைகள் முதல் வகையின் வாசலில்தான் கூட்டமாக நிற்கிறார்கள். ரிட்லிக்குக் கிடைத்தது இரண்டாவது வகை. கொடுப்பவர் கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுக்கிறார், பயம் குறைவு. பாதியில் நிற்கும் படம் வைத்திருப்பவர்கள் அந்த வாசலையும் தட்ட வேண்டும்.

பி.எஃப்.ஐ. இன்றும் குறும்படங்களுக்குக் கொடுக்கிறது. பி.எஃப்.ஐ. நெட்வொர்க் என்று அந்தப் பிரிவுக்குப் பெயர். காசு வரும் வழிதான் மாறியிருக்கிறது. அன்று சினிமா டிக்கெட், இன்று நேஷனல் லாட்டரி டிக்கெட்! பிரிட்டனில் வசிக்கும் புது இயக்குநர்களுக்கு உரியது. லண்டனிலும் லெஸ்டரிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கும்தான். இங்கே, பெங்களூரில், இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1995இலிருந்து கலைத் திட்டங்களுக்கு நல்கை கொடுத்துவருகிறது. விண்ணப்பத்தை இந்திய மொழி எதிலும் எழுதலாம். ஆமாம், தமிழிலேயே எழுதலாம்! ஆங்கிலம் வராது என்று ஒதுங்கி நிற்கும் ஒரு பெரும் படையே நம் ஊர்களில் இருக்கிறது. அவர்கள் காதில் இந்தச் செய்தி விழ வேண்டும்.

கொடுக்க நிறுவனம் இல்லாதபோது ஜனங்களே கொடுத்த கதையும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரஹாம், 1984இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு 'ஒடேசா' இயக்கத்தைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய்ச் சாப்ளினின் 'தி கிட்' படத்தைப் போட்டுக் காட்டி, பார்த்தவர்களிடம் காசு திரட்டினார்கள். 1986இல் அந்தக் காசில் 'அம்ம அறியான்' வந்தது. பழைய படம் பார்க்க வந்தவர்கள் புதிய படத்துக்குத் தயாரிப்பாளர்கள் ஆனார்கள்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் கேளிக்கை வரி இருக்கிறது. வாரக் கடைசியில் வரிசையில் நிற்கும் நாம் எல்லோரும் அதைக் கட்டுகிறோம். அதிலிருந்து ஒரு துளியை எடுத்துக் குறும்படங்களுக்கென்று ஒரு நிதியம் தொடங்க வேண்டும். கோடிகள் வேண்டாம். பாதியில் நிற்கும் படத்தை முடிக்கும் அளவுக்குச் சிறு தொகை, படம் பார்க்கத் தெரிந்த சிலர் கொண்ட ஒரு குழு, போதும். அரசு செய்ய வேண்டிய வேலை இது. திரைத்துறைச் சங்கங்கள் உரக்கக் கேட்க வேண்டிய கோரிக்கை இது. அதுவரை காத்திருக்க வேண்டாம். ஹார்டு டிஸ்கில் கிடக்கும் அந்தப் பாதிப் படத்தை வெளியே எடுங்கள். நல்ல பத்து நிமிடத்தை வெட்டிச் சேருங்கள். விண்ணப்பத்தோடு அதையும் வைத்து இந்த மாதமே அனுப்புங்கள்.